1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு: கடைசியில் எடுத்தால் எவ்வளவு லாபம், நடுவில் எடுத்தால் எவ்வளவு வட்டி?

நீங்கள் கேட்டது இது: தெரிந்தவர் ஒருவர் பிடிக்கும் 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. இருபது பேர், இருபது மாதம், தவணை 5,000. கடைசியில் எடுத்தால் வங்கியைவிட நல்ல லாபம் என்கிறார்கள். நடுவில் எடுத்தால் அதிகம் தள்ள (சீட்டை எடுக்க ஏலத்தில் விட்டுக்கொடுக்க) வேண்டியதில்லை, கையிலும் பணம் வந்துவிடும் என்கிறார்கள். சேரலாமா, அல்லது அதே பணத்தை ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போடலாமா? ஒரே கேள்வி மாதிரி தெரிகிறது, ஆனால் உள்ளே இரண்டு இருக்கின்றன. எந்த மாதம் எடுத்தால் எவ்வளவு வட்டி என்பது ஒன்று. அதைப் பேப்பரும் பேனாவும் வைத்தே போட்டுப் பார்த்துவிடலாம். கடைசி மாதம் பணம் கைக்கு வருமா என்பது இன்னொன்று. அதற்கு எந்தக் கால்குலேட்டரும் உதவாது. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஏலத் தள்ளு ஊருக்கு ஊர், சீட்டுக்குச் சீட்டு மாறும். ஆகவே வழக்கமாக நடப்பதை ஒட்டி ஒரு மாதிரிக் கணக்கு எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் சீட்டு பிடிப்பவரே தள்ளு இல்லாமல் முழு 1 லட்சத்தையும் எடுத்துக்கொள்கிறார். எல்லாரும் 5,000 கட்டுகிறார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். பணத்தேவை இருப்பவர்கள் போட்டி போடுவதால் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் தள்ளு 30,000 வரை போகிறது. அதாவது எடுத்தவர் கையில் 70,000. தள்ளிய 30,000-இல் பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,250 கசர். கம்பெனிச் சீட்டில் இதையே டிவிடெண்ட் என்பார்கள். அந்த மாதம் நீங்கள் கட்டுவது 3,750 மட்டும். மாதம் போகப் போகத் தேவைக்காரர்கள் குறைவார்கள், தள்ளும் இறங்கும்: ஆறாம் மாதம் 25,000, பத்தாம் மாதம் 19,000, பதினைந்தாம் மாதம் 12,000, பத்தொன்பதாம் மாதம் 6,000. கடைசி மாதம் கேட்க ஆளில்லை. கமிஷன் 5,000 போக 95,000 கிடைக்கும். இந்த இறக்கத்தை மாதாமாதம் எழுதிக் கூட்டினால் ஒருவருக்கு மொத்தக் கசர் 12,150. ஆகவே இருபது மாதத்தில் அவர் கையிலிருந்து போவது 87,850.

கடைசியில் எடுப்பவர் 87,850 கட்டி 95,000 வாங்குகிறார். லாபம் 7,150. இங்கே இரண்டு பக்கமும் தப்புக் கணக்கு போடுவார்கள். ஒருவர், 87,850-க்கு 7,150 என்றால் எட்டு சதவீதம், அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு மேல், வருஷத்துக்கு ஐந்துகூட இல்லை என்பார். அது தவறு, ஏனென்றால் முழுப் பணமும் முதல் நாளே போகவில்லை. முதல் தவணை பத்தொன்பது மாதம் வெளியே இருந்தது, பத்தொன்பதாம் தவணை ஒரே மாதம் தான் இருந்தது. இன்னொருவர் அந்தந்த மாதக் கசரை அந்த மாதத் தவணையோடு ஒப்பிட்டு, 5,000-க்கு 1,250, இருபத்தைந்து சதவீதம் என்று கணக்குச் சொல்லி ஆள் சேர்ப்பார். அது இன்னும் பெரிய தப்பு. சரியான வழி, ஒவ்வொரு தவணையையும் அது வெளியே இருந்த மாதங்களால் பெருக்கிக் கூட்டுவது. மேலே சொன்ன சீட்டில் அது 7,98,450 வருகிறது. 7,150-ஐ இதால் வகுத்தால் மாதத்துக்கு 0.9 சதவீதம், வருஷத்துக்குப் பத்தே முக்கால். இது தனிவட்டிக் கணக்கு. கூட்டுவட்டியில் போட்டால் பத்துக்குச் சற்று மேலே நிற்கும். ஆக, கடைசியில் எடுத்தால் வங்கியைவிட அதிகம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை.

இப்போது இரண்டாம் மாதம் எடுத்தவரைப் பாருங்கள். 70,000 வாங்கினார். அதில் அந்த மாதத் தவணை 3,750-ம், முதல் மாதம் போட்ட 5,000-ம் அவருடைய சொந்தப் பணம். உண்மையில் கைக்குக் கிடைத்த கடன் 61,250. இதற்கு அடுத்த பதினெட்டு மாதத்தில் 79,100 திருப்பிக் கட்டுகிறார். குறைந்துவரும் அசலின் மேல் வட்டி போட்டால் மாதம் 2.73 சதவீதம், அதாவது இரண்டே முக்கால் வட்டி. வருஷத்துக்கு 33 சதவீதத்தை ஒட்டி. கையில் நகை இருக்கிற வீட்டுக்கு இது தேவையில்லாத செலவு. வங்கியில் நகைக்கடன் மாதம் ஒரு வட்டியை ஒட்டித்தான் இருக்கும்.

உங்கள் கேள்வியில் முக்கியமானது நடு மாதம். பெரும்பாலானவர்கள் ஏமாறுவதும் அங்கேதான். பத்தாம் மாதம் தள்ளு 19,000 மட்டும், 30,000 தள்ளியவரைவிட நான் கெட்டிக்காரன் என்று தோன்றும். கணக்கைப் பார்ப்போம். 81,000 கைக்கு வருகிறது. அதுவரை கட்டியது, அந்த மாதத் தவணையும் சேர்த்து, 40,900. அந்தப் பணம் ஒரு பைசா வட்டி இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. மீதி 40,100 தான் கடன். அதற்கு இன்னும் பத்து மாதத்தில் 46,950 கட்ட வேண்டும். வட்டி 6,850. பத்தே மாதத்தில் அடைகிற கடனுக்கு இது மாதம் 2.9 சதவீதம். 30,000 தள்ளியவரின் வட்டியைவிடவும் கூடுதல்! ஒன்பது மாதம் சேமித்த பணத்துக்கு வர வேண்டிய வட்டி போனதையும் சேர்த்தால் இன்னும் ஏறும். தள்ளிய தொகை குறைவு என்பது உண்மை, ஆனால் வாங்கிய கடனும் குறைவு, வைத்திருக்கப் போகும் காலமும் குறைவு. தள்ளை மட்டும் பார்த்து ஏலம் கேட்பது, விலையைப் பார்த்துவிட்டு எடையைப் பார்க்காமல் கறி வாங்குவது மாதிரி.

ஏல நாளன்று வாசலில் நின்றபடியே போட ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. கிடைக்கப் போகும் தொகையிலிருந்து இதுவரை நீங்கள் கட்டியதைக் கழியுங்கள், அது கடன். இனிமேல் கட்ட வேண்டியதிலிருந்து அந்தக் கடனைக் கழியுங்கள், அது வட்டி. வட்டியைக் கடனால் வகுத்து நூறால் பெருக்கி, பிறகு மீதி மாதங்களோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கிய எண்ணால் வகுங்கள். பத்தாம் மாத உதாரணத்தில் 6,850-ஐ 40,100-ஆல் வகுத்தால் 17.1 சதவீதம், மீதி பத்து மாதம், ஒன்று கூட்டிப் பாதி ஐந்தரை, விடை 3.1. சரியான விடையைவிடக் கொஞ்சம் கூடக் காட்டும், முடிவெடுக்க இது போதும். ஒரு சங்கடம்: இனிமேல் வரும் மாதங்களில் எவ்வளவு கசர் வரும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இதே ஆள் முன்பு நடத்தி முடித்த சீட்டின் நோட்டைக் கேட்டுப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு எல்லையும் தெரிந்திருக்கட்டும்: இந்தச் சீட்டில் மொத்தம் கட்டுவது 87,850 என்பதால், தள்ளு 12,150-க்குக் கீழே இறங்கிய பிறகு, அதாவது பதினைந்தாம் மாதத்திலிருந்து எடுப்பவர்கள் மட்டும் தான் போட்டதைவிட அதிகம் வாங்குகிறார்கள். மற்ற எல்லாரும் வட்டி கட்டுகிறவர்கள். நடுநிலை என்று ஓர் இடம் சீட்டில் கிடையாது.

கடன் வாங்குபவர் மூன்று வட்டி கட்டும்போது சேமிப்பவருக்கு ஏன் முக்கால், ஒன்று என்று மட்டும் வருகிறது? இடைவெளி பிடிப்பவரிடம் போகிறது. பத்தொன்பது மாதக் கமிஷன் 95,000. கிட்டத்தட்ட ஒரு முழுச் சீட்டுத் தொகை. அது போக முதல் மாதமே வட்டியில்லாமல் 1 லட்சம். இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. வசூலுக்கு அலைவது, யாராவது கட்டாவிட்டால் தன் கையிலிருந்து போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. 1982-ஆம் ஆண்டு சிட் நிதிச் சட்டம் கமிஷனுக்கு 5 சதவீதம் உச்சவரம்பு வைத்திருந்தது. 2019 திருத்தம் அதை 7 ஆக உயர்த்தியது. கம்பெனிச் சீட்டில் கமிஷன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும். சேரும் முன்பு கேட்க வேண்டியவை இரண்டு: கசர் எல்லாருக்குமா, அல்லது இன்னும் எடுக்காதவர்களுக்கு மட்டுமா? தவணை ஒரு நாள் தாமதமானால் அந்த மாதக் கசர் போய்விடுமா? முதலாவது மாறினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும்: கடைசியில் எடுப்பவருக்கு லாபம் கூடும், முன்னால் எடுப்பவருக்கு வட்டி இன்னும் ஏறும். இரண்டாவது, சம்பளம் தேதி தவறி வருகிற வீட்டுக்கு வருஷம் முழுவதும் வலிக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. அஞ்சலக ஐந்தாண்டு ஆர்.டி.க்கு 2023 அக்டோபரில் 6.7 சதவீதம் நிர்ணயித்தார்கள். வங்கிகளிலும் இதை ஒட்டித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறக்கூடியது, சேரும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் கட்டிய அதே தொகைகளை அதே தேதிகளில் 6.7 வட்டிக்குப் போட்டிருந்தால் இருபதாம் மாதம் வட்டி சுமார் 4,600 வந்திருக்கும். சீட்டு தந்தது 7,150. வித்தியாசம் சுமார் 2,500. இந்த 2,500-க்காகக் கடைசி ஏலத்துக்கு முந்தின நாள் நீங்கள் அந்த மனிதரிடம் விட்டுவைத்திருப்பது 82,850. இதை இன்னொரு விதமாகச் சொன்னால், இப்படிச் சீட்டு பிடிக்கும் முப்பத்துமூன்று பேரில் ஒரே ஒருவர் கடைசி மாதத்துக்கு முன்பு கையை விரித்தால்கூட, மற்ற முப்பத்திரண்டு சீட்டுகளிலும் கிடைத்த கூடுதல் லாபம் அதோடு சரி. உங்கள் ஆள் அந்த முப்பத்திரண்டில் ஒருவரா, அந்த ஒருவரா என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. தெரிந்தவர் என்பது அவர் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும் என்ற அளவுக்குத்தான் உதவும். அவர் எத்தனை சீட்டு ஓட்டுகிறார் என்பதை அது சொல்லாது.

அதுதான் கேட்க வேண்டிய விஷயம். பிடிப்பவர் ஆரம்பத்திலேயே திட்டம் போட்டு ஏமாற்றுவதைவிட, மெல்ல மாட்டிக்கொள்வதே வழக்கமான கதை. முதல் ஐந்தாறு மாதத்தில் எடுத்தவர்களில் இரண்டு பேர் கட்டுவதை நிறுத்துகிறார்கள். அந்த மாதத்துப் பத்தாயிரத்தைப் பிடிப்பவர் கையிலிருந்து போடுகிறார். இரண்டு மாதம் தாங்கும். பிறகு அதை ஈடுகட்ட புதிதாக ஒரு சீட்டு ஆரம்பித்து, அதில் முதல் மாதம் தனக்கு வரும் முழுத் தொகையை எடுத்துப் பழைய ஓட்டையை அடைக்கிறார். அந்தச் சீட்டுக்கு இன்னொன்று. புதுச் சீட்டுக்கு ஆள் கிடைக்காத மாதம் எல்லாம் ஒன்றாக நிற்கும். அப்போது அடிபடுவது இன்னும் எடுக்காதவர்கள், அதாவது லாபத்துக்காகக் காத்திருந்தவர்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் நான்கைந்து சீட்டு ஓட்டுவதும், பழையது முடிவதற்குள் புதியதற்கு அவசரமாக ஆள் தேடுவதும், ஏலம் முடிந்து மூன்று நாளில் வந்துகொண்டிருந்த பணம் இரண்டு வாரமாவதும் இதன் அறிகுறிகள்.

பதிவு செய்த சீட்டானால் நிலைமை வேறு. பதிவுத் துறையின் கீழுள்ள சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, தொடக்கச் சான்றிதழ் பெற்ற பிறகே முதல் ஏலம் நடத்த வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையும் பதிவாளர் வசம் இருக்க வேண்டும். ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பு பதிவாளருக்குப் போகும். தகராறு வந்தால் நீதிமன்றம் அலையாமல் பதிவாளரிடமே முறையிடலாம். இது பெரிய பலம். ஆனால் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்: பிணை ஒரு மாதச் சீட்டுத் தொகைக்குத்தான், இருபது பேரின் மொத்தச் சேமிப்புக்கு அல்ல. வங்கி வைப்புக்கு இருப்பது போல 5 லட்சம் வரையிலான காப்பீடும் சீட்டுக்குக் கிடையாது. பதிவு உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. கம்பெனியின் பதிவு வேறு, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக் குழுவின் பதிவு வேறு. குழு எண்ணோடு தொடக்கச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தெருச் சீட்டுக்கு அப்படி எதுவும் இருக்க வாய்ப்பில்லை, சட்டப்படி அது அனுமதியில்லாத சீட்டு. ஊரெல்லாம் நடக்கிறது என்பதும் உண்மை, சிக்கல் வந்தால் கையில் இருப்பது ஒரு அட்டை நோட்டு மட்டும் என்பதும் உண்மை. சீட்டு விழுந்தவர் அடுத்த மாதத்திலிருந்து கட்ட வேண்டாம் என்று யாராவது அழைத்தால், அது ஏலச்சீட்டே அல்ல. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பரிசுச் சீட்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆகவே என் கருத்து: உங்கள் நோக்கம் சேமிப்பு என்றால் ஆர்.டி. போதும். 2,500-க்கு இந்த ஆபத்து வேண்டாம். ஆர்.டி.யைப் பாதியில் உடைத்துவிடுவேன், சீட்டு என்றால் பயந்தாவது கட்டுவேன் என்று பலர் சொல்வது நியாயமான காரணம் தான். அப்படியானால் பதிவு செய்த சீட்டில் சேருங்கள், கமிஷன் சற்று கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. நோக்கம் கடன் என்றால் நகைக்கடன், வேலையிடத்துக் கூட்டுறவுச் சங்கக் கடன் இரண்டும் கைக்கு எட்டாதபோது மட்டும் சீட்டு. நகையும் சம்பளச் சான்றும் இல்லாதவர்களுக்கு, மீட்டர் வட்டிக்குப் போவதைவிட இரண்டே முக்கால் வட்டி எவ்வளவோ மேல். அவர்களுக்காகத்தான் சீட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. எதற்கு என்றே முடிவு செய்யாமல், பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து, பாதியில் ஏதோ செலவு வந்து எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள், பதினோராம் மாதம் எடுத்தவருக்குப் பணம் இழுபறியாகிறது என்று வையுங்கள். அதுவரை 45,250 கட்டியிருப்பீர்கள். அந்த நிலையில் லாபக் கணக்கை மறந்துவிட்டு அடுத்த ஏலத்திலேயே கேளுங்கள். வழக்கமாக 16,000-க்குப் போகும் மாதத்தில் 25,000 தள்ளி 75,000-க்கு எடுத்தாலும், அதுவரை கட்டியதைவிட அதிகம் உங்கள் கைக்கு வந்துவிடும்; மீதித் தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போகலாம். இதில் ஒரு வழுக்கல் உண்டு. எடுத்தவுடன் புரோநோட்டிலும் தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்து கேட்பார்கள், பணம் நாளைக்கு என்பார்கள். பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு கையெழுத்து போடுங்கள். புரோநோட்டில் இனி கட்ட வேண்டிய தொகையை எண்ணிலும் எழுத்திலும் நீங்களே எழுதுங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். கடைசித் தவணை கட்டும் அன்று அந்தப் புரோநோட்டையும் காசோலையையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தருகிறேன் என்றால், தரும்போது கடைசித் தவணை என்று சொல்லிவிடலாம்.